பழைய ஈகோஸ்போர்ட்டை எஃப்.சி. கண்ணோடு பார்த்து வாங்குவது எப்படி

செகண்ட் ஹாண்ட் கார் பார்க்கப் போகிறவர் வாயில் முதலில் வரும் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" அடுத்தது, "எத்தனையாவது ஓனர்?" ஆர்.சி. என்ற பதிவுச் சான்று எந்தத் தேதியோடு முடிகிறது என்ற கேள்வி கடைசியில்தான் வரும், சில நேரம் வருவதே இல்லை. ஈகோஸ்போர்ட் விஷயத்தில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஃபோர்டு மறைமலை நகரில் செய்த இந்த வண்டி 2013 ஜூனில் விற்பனைக்கு வந்தது. சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டுதான் செல்லும். ஆகவே முதல் வருடத்து வண்டிகள் 2028-ல் புதுப்பிப்புக்கு வரும். இப்போது வாங்கி நாலைந்து வருடம் ஓட்ட நினைக்கிறவர்தான் அந்த வண்டியைக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தப் போகிறவர். விற்கிறவருக்கு அந்தக் கவலை கிடையாது.

வெள்ளை போர்டு வைத்த சொந்தக் காருக்கு இடையில் எஃப்.சி. என்ற தகுதிச் சோதனை கிடையாது. மஞ்சள் போர்டு வாடகை வண்டிக்குத்தான் எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடா வருடம். அதனால் தனியார் கார் பதினைந்து வருடம் யார் கண்ணிலும் படாமல் ஓடி, முதல் தடவையாகச் சோதனைக்குப் போகிறது. புதுப்பிக்க ஃபார்ம் 25 கொடுக்க வேண்டும், ஆர்.சி. முடிவதற்கு 60 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு 5,000 ரூபாய். தேதி தாண்டினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். பசுமை வரி தனி. பாஸ் ஆனால் ஐந்து வருடம் கிடைக்கும்.

பேப்பரை வண்டிக்கு முன்னால் பாருங்கள். எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் பதிவுத் தேதி, எரிபொருள், மாசு விதி, இன்சூரன்ஸ், கடன் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். நிலுவையில் உள்ள இ-சலான்களைத் தனியாகத் தேடிப் பாருங்கள். பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் அங்கேயே நிற்கும். கடன் தீர்ந்திருந்தாலும் ஃபார்ம் 35 போட்டு ஹைபோதெகேஷன் என்ற கடன் அடமானக் குறிப்பை நீக்காவிட்டால் ஆர்.சி.யில் வங்கிப் பெயர் அப்படியேதான் இருக்கும். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியில் குத்தியிருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஈகோஸ்போர்ட்டின் சேசிஸ் நம்பர் எம்.ஏ.ஜே. என்ற மூன்று எழுத்தில் தொடங்கும். நம்பரைச் சுற்றி வெல்டிங் தடமோ புதுப் பெயின்ட்டோ தெரிந்தால் விலை பேச வேண்டியதில்லை, கிளம்பிவிடலாம். நிறம் மாற்றியது, கேஸ் கிட் போட்டது எதுவும் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். ஏறாத மாற்றம் ஒவ்வொன்றும் சோதனை நாளில் ஒரு கேள்வி.

எந்த எஞ்சின் என்பது அடுத்தது. 2013 முதல் 2017 வரை மூன்று வகை: 1.5 லிட்டர் நாலு சிலிண்டர் பெட்ரோல், 1.0 ஈகோபூஸ்ட் டர்போ பெட்ரோல், 1.5 டி.டி.சி.ஐ. டீசல். 2017 நவம்பரில் முகம் மாறியபோது பழைய 1.5 பெட்ரோலுக்குப் பதில் டிராகன் என்ற மூன்று சிலிண்டர் எஞ்சின் வந்தது. இவை அனைத்துக்கும் எஞ்சின் வால்வுகளை இயக்குவது டைமிங் பெல்ட்தான். செயின் என்று யாராவது சொன்னால் அவருக்கு இந்த வண்டி பழக்கமில்லை. ஈகோபூஸ்ட்டிலும் டிராகனிலும் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடும். தப்பான கிரேடு ஆயில் ஊற்றினாலோ, மாற்ற வேண்டிய நேரத்தைத் தள்ளிப் போட்டாலோ பெல்ட் ரப்பர் உரிந்து, அந்தத் துகள் ஆயில் பம்ப்பின் வடிகட்டியில் போய் அடையும். ஆயில் அழுத்தம் விழும், பிறகு எஞ்சினே போகும். எனவே சர்வீஸ் பில்லில் ஆயில் கிரேடு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருடம் தாண்டிய வண்டியில் பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஈகோபூஸ்ட்டில் கூலன்ட் குறைவதும் பழைய நோய். குளிர்ந்த எஞ்சினில் ரிசர்வாயர் மட்டத்தைக் குறித்து வைத்து, ஓட்டி வந்து ஆறிய பிறகு மறுபடி பாருங்கள். மதுரை மே மாதத்தில் 40 டிகிரியில் ஏ.சி. போட்டு சிக்னலில் நிற்கும் எஞ்சினுக்குக் கூலன்ட் குறைந்தால் மன்னிப்பு கிடையாது.

2017-க்கு முந்தைய 1.5 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது உலர் கிளச் கொண்ட இரட்டை கிளச் கியர்பாக்ஸ். மெதுவாக நகரும்போது உதறும். ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால் முகம் மாறிய பிறகு வந்த, கிளச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள வண்டியைப் பாருங்கள். எங்கள் தேர்வு நாலு சிலிண்டர் பெட்ரோல் மேனுவல், அல்லது ஒழுங்காக ஓடிய டீசல். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் பாகங்களும் தொடர்ந்து கிடைக்கின்றன. 1.5 டீசல் எஞ்சின் ஃபிகோ, ஆஸ்பயரிலும் வந்ததால் அதற்குப் பாகம் தேட அலைச்சல் குறைவு. கண்ணாடி, பம்பர், எலக்ட்ரானிக் மாட்யூல் இவற்றுக்குத்தான் காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் இடித்துப் பழுதுபார்த்த வண்டியை இந்த மாடலில் கூடுதலாகச் சந்தேகியுங்கள்.

இனி வண்டிக்கு வருவோம். நம்பரைப் பாருங்கள். டி.என். 58, 59, 64 மதுரை. டி.என். 65 ராமநாதபுரம், 69 தூத்துக்குடி, 72 திருநெல்வேலி. ராமேஸ்வரம், தூத்துக்குடி உப்புக் காற்றில் வருடக்கணக்கில் நின்ற வண்டிக்கு அடிப்பகுதி துருப்பிடிக்கும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் 2023 டிசம்பர் வெள்ளத்திலும், சென்னையில் 2015, 2023 டிசம்பர்களிலும் நின்ற வண்டிகள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருக்கின்றன. நம்பரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் எங்கே தடவிப் பார்ப்பது என்று அது சொல்லும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்பகுதியில் சேற்றுக் கறை கோடு போட்டிருந்தால் தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறியிருக்கிறது. இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி ரெயில் போல்ட்டில் துரு தேடுங்கள். தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சைக் கையால் அழுத்துங்கள். வண்டிக்குள் இருக்கும் ஃப்யூஸ் பெட்டியில் பச்சைக் களிம்பு படிந்த செம்பு கண்ணில் பட்டால் அந்த வண்டிக்கு எலக்ட்ரிகல் வேலை ஓயவே ஓயாது. வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி அடித்திருந்தாலும் மூக்கைக் கூர்மையாக வையுங்கள்.

டிக்கிக் கதவில் ஸ்டெப்னி தொங்குவது இந்த வண்டியின் அழகும் பலவீனமும். பதினைந்து இருபது கிலோவை வருடக்கணக்கில் சுமந்த கீல் தொய்ந்து, கதவை மூடும்போது லேசாகத் தூக்கிச் சாத்த வேண்டி வரும். கதவைப் பாதி திறந்து நுனியை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் ரப்பர் பீடிங் வழியாக மழைநீர் இறங்கும். பின்பக்கம் லேசாக இடித்திருந்தால் அந்தச் சக்கரத்தின் தாங்கியில் முதல் அடையாளம் இருக்கும்.

அடிப்பகுதியைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வீட்டு ஜாக்கியை நம்பி அடியில் நுழைய வேண்டாம்; வீல் அலைன்மென்ட் கடையில் லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லி கால் மணி நேரம் பார்த்தால் போதும். சக்கரம் தொங்கும்போது மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் வந்தால் டை ராடு எண்ட். ஈகோஸ்போர்ட்டில் முதலில் தேய்வது ஸ்டெபிலைசர் லிங்க். வேகத்தடையில் 'டொக்' என்ற சத்தம் பெரும்பாலும் அதுதான், மலிவான வேலை. அடுத்து லோயர் ஆர்ம் புஷ். பெரிய ரப்பரில் குறுக்கே வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புஷ் கிழிந்தால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயரின் உள்விளிம்பு தேயும். 2017 நடுவில் செய்த சில வண்டிகளின் லோயர் ஆர்ம் வெல்டிங்கைச் சரிபார்க்க 2018-ல் ஃபோர்டு திரும்ப அழைத்தது. அந்தக் காலத்து வண்டியென்றால் சேசிஸ் நம்பரைச் சொல்லி ஷோரூமில் வேலை முடிந்ததா என்று கேட்கலாம். பின் சக்கரங்களை இணைக்கும் உத்திரமான ட்விஸ்ட் பீமின் போல்ட்டுகளையும் அப்படியே பாருங்கள்.

சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்தால் கிரீஸ் சக்கரத்தின் உட்புறம் முழுக்கத் தெறித்திருக்கும். பூட் மட்டும் மாற்றினால் நூற்றுக் கணக்கில் முடியும். மண் புகுந்து ஜாயின்ட் போனால் ஆயிரக் கணக்கில். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடிக்கும்போது 'டக் டக்' என்றால் ஜாயின்ட் போய்விட்டது. ஷாக் அப்சார்பரின் மேல்பகுதியில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தால் மாற்றும் நேரம். ஷாக்கை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். துருவைப் பொறுத்தவரை சைலன்சரில் மேலோட்டமாக இருப்பது எல்லா வண்டியிலும் உண்டு. பிரேக் பைப், கதவுக்குக் கீழே ஓடும் பாடி விளிம்பு, சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம் ஆகியவற்றில் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தினால் உதிர்ந்தால்தான் ஆபத்து. அங்கே புதிதாகக் கருப்புப் பெயின்ட் தடவியிருந்தால் சுரண்டிப் பாருங்கள்.

பிரேக்குக்கு வருவோம், சோதனையில் வண்டி திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன் பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றுங்கள். டிஸ்க்கின் விளிம்பிலேயே குறைந்தபட்ச கனம் பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்த டிஸ்க்கை லேத்தில் கடைந்து பிழைக்க வைக்கப் பார்க்காதீர்கள். பின் டிரம்தான் ஏமாற்றும். நம் ஊர்த் தூசி உள்ளே அடைந்து தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் சிக்கிக்கொள்ளும். பிறகு பின் பிரேக் பெயருக்குத்தான் பிடிக்கும், வேலை முழுதும் முன்னால் விழும். ஓட்டுகிறவருக்குத் தெரியாது, ரோலர் மீது ஏற்றி இடது வலது சக்கரத்தைத் தனித்தனியாக அளக்கும் தானியங்கி சோதனையில் உடனே தெரிந்துவிடும். டிரம்மைக் கழற்றித் துடைத்து, அட்ஜஸ்டருக்குப் பிரேக் கிரீஸ் தொட்டு, வீல் சிலிண்டர் ரப்பரைப் பின்னுக்குத் தள்ளிக் கசிவு பாருங்கள். ஈரமாக இருந்தால் சிலிண்டரை மாற்றி, எண்ணெய் நனைந்த ஷூவையும் சேர்த்து மாற்றுங்கள். பெட்ரோலில் கழுவிக் காயவைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லும் மெக்கானிக்கை விட்டு விலகுங்கள்.

ஹேண்ட் பிரேக் ஏழெட்டு கிளிக் தாண்டியும் பிடிக்கவில்லை என்றால் கேபிளை முறுக்குவதற்கு முன் பின் டிரம்மைச் சரிசெய்யுங்கள். அட்ஜஸ்டர் சிக்கியிருக்கும்போது கேபிளை முறுக்கினால் ஷூ உரசிக்கொண்டே ஓடும், டிரம் கொதிக்கும். பாலத்து ஏற்றம் போன்ற ஒரு சரிவில், போக்குவரத்து இல்லாத இடமாகப் பார்த்து, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டு வண்டி நகராமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிரேக் ஆயில் டாட் 4. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாத ஆயில் ஈரத்தை உறிஞ்சி, மலை இறக்கத்தில் கொதித்து, பெடல் பஞ்சு போல் உள்ளே போகும். இதைச் சோதிக்கச் சிறுமலையைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. திண்டுக்கல் – நத்தம் சாலையில் பிரியும் அந்தப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது கூலன்ட் சூடும் டர்போ இழுப்பும் தெரியும், இறங்கும்போது பிரேக் தெரியும். இறக்கத்தில் இரண்டாவது கியரில் வாருங்கள். பாதியில் பெடல் மிருதுவானால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள், மேலே சோதிக்க வேண்டாம்.

டயர் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளத்துக்குள் இருக்கும் மேடு, டயர் முகத்தோடு சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 3219 என்றால் 2019-ன் 32-வது வாரம். ஆழம் இருந்தாலும் மதுரை வெயிலில் ஆறேழு வருடம் நின்ற டயரின் பக்கச்சுவர் வெடித்திருக்கும். அளவு 195/65 ஆர்15 அல்லது 205/60 ஆர்16, எஸ் மாடலில் 205/50 ஆர்17. அகலமான டயரைத் திணித்து பாடிக்கு வெளியே நீட்டிய வண்டி வேண்டாம்.

விளக்கு, கண்ணாடி இவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வெயிலில் மஞ்சளான ஹெட்லைட் மூடியைப் பாலிஷ் செய்யலாம், ஒரு வருடம் தாங்கும். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி லோ பீம் போட்டால், வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட 5 முதல் 7 சென்டிமீட்டர் தாழ்ந்து விழ வேண்டும். இடது பக்கம் சற்று ஏறியிருப்பது சரி. வெளியில் வாங்கிப் போட்ட வெள்ளை எல்.இ.டி. பல்புகளைக் கழற்றி ஹாலஜனுக்குத் திரும்புங்கள். முன் பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். சன் ஃபிலிம், புல் பார், ஃபேன்சி நம்பர் பிளேட் மூன்றும் வேண்டாம்.

டேஷ்போர்டில் சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ்., ஏர்பேக், எஞ்சின் விளக்குகள் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்திருக்க வேண்டும். எரியவே இல்லையென்றால் அது நல்ல சகுனம் அல்ல; பழுதை மறைக்க விளக்கையே பிடுங்கியிருக்கலாம். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. அடாப்டரைச் செருகி ஃபோர்ஸ்கேன் செயலியில் பாருங்கள். பிழைக் குறியீடு இல்லை, ஆனால் வண்டி தன்னைத் தானே சோதிக்கும் மானிட்டர்கள் 'தயாராகவில்லை' என்று காட்டினால், நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் யாரோ அழித்திருக்கிறார்கள். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி பார்க்கச் சம்மதம் கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

புகைச் சான்று பி.எஸ்.4 மாசு விதிப்படி வந்த காருக்கு வருடத்துக்கு ஒருமுறை. பி.எஸ்.4 பெட்ரோலுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். மேல் போகக் கூடாது, 2,500 ஆர்.பி.எம். வாக்கில் கார்பன் மோனாக்சைடு 0.2, காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தைக் காட்டும் லாம்டா 0.97-லிருந்து 1.03-க்குள். பெட்ரோல் பங்க் வாசலில் எடுத்த சான்றில் இந்த எண்கள் அச்சாகி இருக்கும், தேதியை மட்டும் பார்த்து மடித்து வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறினால் பெட்ரோல் அதிகம் போகிறது: ஏர் ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார், ஒழுகும் இன்ஜெக்டர். ஹைட்ரோகார்பன் ஏறினால் எரியாமல் வெளியேறுகிறது: ஸ்பார்க் பிளக், காயில். லாம்டா மட்டும் ஏறினால் சைலன்சரில் ஓட்டை தேடுங்கள். வெளிக்காற்று உள்ளே கலக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் 2,500-ல் கார்பன் மோனாக்சைடு இறங்கவில்லை என்றால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் செத்திருக்கலாம், அதுதான் பெரிய செலவு. அதைக் கழற்றி விற்றுவிட்டு வெறும் குழாய் வைத்த வண்டியும் உண்டு. லிஃப்ட்டில் இருக்கும்போதே பாருங்கள்.

டீசலில் அளப்பது புகையின் அடர்த்தி. உச்சவரம்பு பி.எஸ்.4-க்கு 1.62, அதற்கு முந்தையதற்கு 2.45. ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுக்க மிதித்து அளப்பார்கள். ஊருக்குள்ளேயே இரண்டாம் மூன்றாம் கியரில் நகர்ந்த டீசலுக்கு புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வும், காற்று உள்ளே போகும் இன்டேக்கும் கரி அடைந்து கரும்புகை தள்ளும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்தாலும் அதேதான். ஹோஸ் கிளாம்ப்பைச் சுற்றி எண்ணெய் ஈரம் காட்டிக்கொடுக்கும். சோதனைக்கு முன்தினம் ஆயில், ஏர் ஃபில்டர் மாற்றி, டீசல் ஃபில்டர் தண்ணீரை வடித்துவிடுங்கள். அன்று காலையில் மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் வரை நாலு வழிச் சாலையில் ஒரு கியர் குறைத்து, 2,500 – 3,000 ஆர்.பி.எம்.மில் ஓட்டி வாருங்கள். கரி எரிந்து வெளியேறும். சூடு ஆறுவதற்குள் அளக்க வேண்டும். வரிசையில் ஒரு மணி நேரம் எஞ்சினை நிறுத்தி வைத்தால் போய் வந்த பலனில் பாதி போய்விடும். பி.எஸ்.6 டீசலில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கிறது. தினமும் நாலு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது அடைத்துக்கொள்ளும், அப்படிப்பட்டவர் பெட்ரோல் வாங்குவதே நல்லது.

பேரம் பேசும்போது இந்தப் பழுதுகளை இரண்டாகப் பிரியுங்கள். லிங்க், புஷ், பேட், ஷூ, வைப்பர், பல்பு, டயர் எல்லாம் விலையில் கழித்து வாங்கிச் சரிசெய்யலாம். சேசிஸ் நம்பர் குழப்பம், அடிப்பகுதித் துரு, வெள்ள அடையாளம், உதறும் கியர்பாக்ஸ், இவற்றில் ஒன்று இருந்தாலும் பேரமே வேண்டாம், எத்தனை மலிவானாலும்.

வாங்கிய பின் 14 நாளுக்குள் இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். 30 நாளுக்குள் ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கு மனு போட வேண்டும். ஆர்.சி. முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்னதாக ஒரு நாளைச் செல்பேசியில் குறித்து வையுங்கள். அன்று லிஃப்ட்டில் ஏற்றி இதே பட்டியலை மறுபடி பார்த்தால், 60 நாள் கணக்கு தொடங்கும்போது ஃபார்ம் 25-ஐ மட்டும் நிரப்பினால் போதும். காட்டப் போகும் அன்று அடிப்பகுதியைத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டு போங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள், அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.